உறவில்லை, ஒரே ஊர்

பீர்ஷேபா
11 பிப்ரவரி 1962

எலியா தீர்க்கதரிசி உங்கள் வாசலைக் காத்து நிற்கட்டும்.

அன்புள்ள அண்ணன் ஹனோக்குக்குத் தங்கை சிபோரா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அவரும் யெருஷாவும் சுகம். உங்கள் இழுப்பு இந்தப் பனியில் எப்படி இருக்கிறது? கஷாயத்தை மறக்காமல் குடிக்கிறீர்களா?

நல்ல சேதியை முதலில் சொல்கிறேன். யெருஷாவுக்குக் கல்யாணம் கூடி வந்திருக்கிறது. பையன் பெயர் மார்சேல், பஸ் பட்டறையில் மெக்கானிக். ருமேனியாவிலிருந்து வந்த யூதக் குடும்பம். நம் மீன்குழம்பைக் கண்ணில் நீர் வழிய வழியச் சாப்பிட்டுவிட்டு நன்றாக இருக்கிறது என்று பொய் சொல்கிறான். அதிலேயே எனக்குப் பிடித்துப்போயிற்று.

இனி மற்றது. இங்கே இஸ்ரேலில் கல்யாணத்தை ரபிமார், அதாவது நம் மதகுருமார், அலுவலகத்தில் பதிய வேண்டும். போன வாரம் போனோம். மார்சேலின் காகிதத்தில் உடனே முத்திரை விழுந்தது. யெருஷாவின் காகிதத்தை எடுத்த ரபி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஹிர்வேகரா? இது யூதப் பேரா?"

உங்கள் மைத்துனருக்கு வாய் சும்மா இருக்காதே. "ஊர்ப் பேருங்க. ஹிர்வே ஊர்க்காரன் ஹிர்வேகர். கொங்கணத்துல எங்க ஜனங்க எல்லாருக்கும் இப்படித்தான்."

"அந்த ஊர்ல யூதர் இல்லாதவங்களும் இருப்பாங்களே?"

"அவங்களும் ஹிர்வேகர்தான். எங்க ஊர் பிராமண வைத்தியர்கூட ஹிர்வேகர்தான். நல்ல கைராசிக்காரர்!"

பெருமையாகச் சொன்னார் மனிதர். ரபி பேனாவை மூடி வைத்துவிட்டார். பெயரை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது, பெண்ணின் தாய்வழியைக் காட்டுங்கள் என்றார். என் அம்மா சாராபாய் என்றேன். அவளுடைய அம்மா யார், எந்த வீட்டுப் பெண் என்றார். அம்மா பிறந்த அன்றே அவளைப் பெற்றவள் இறந்துபோனாள் என்பதைத் தவிர எனக்கு என்ன தெரியும்? அம்மா சாகும்போது நான் பாவாடை கட்டத் தெரியாத பிள்ளை. பக்கத்தில் இருந்தது நீங்கள்தான்.

அந்த அம்மாளின் பெயரையும் பிறந்த வீட்டையும் உடனே எழுதுங்கள். யெருஷா துணிக்கு அளவு கொடுத்துவிட்டாள்.

உங்கள் தங்கை,
சிபோரா

*

ஹிர்வே
20 மார்ச் 1962

நம் பிதாக்களின் தேவன் துணை.

சௌபாக்கியவதி சிபோராவுக்கு அநேக ஆசீர்வாதம். உன் கடிதம் கிடைத்தது. குழந்தைக்குக் கல்யாணம் என்றதும் மனம் நிறைந்தது. அடுத்த சனிக்கிழமை அலிபாக் ஜெப ஆலயத்தில் அவள் பெயரைச் சொல்லி வேண்டச் சொல்லியிருக்கிறேன்.

நம் பெயரையா கேட்டான் அந்த ரபி? அவனுக்குச் சொல். கப்பல் உடைந்து கரை ஒதுங்கிய ஏழு ஆண், ஏழு பெண்ணின் வம்சம் நாம். எல்லாம் கடலோடு போனபின்னும் சனிக்கிழமை செக்கை ஓட்டாதவர்கள். அதனால்தான் ஊரார் நம்மைச் சனிவார எண்ணெய்க்காரர் என்றார்கள். குடியேறிய ஊரையே பெயராக வைத்துக்கொண்டோம். ஹிர்வேகர் என்று சொன்னால் அலிபாக் வரைக்கும் மரியாதை உண்டு. மேல்தெருவில் ஒரு காலத்தில் பதினோரு வீடு. இப்போது நான் ஒருவன்தான் விளக்கு ஏற்றுகிறேன். மற்றவர்கள் பம்பாய்க்கும் உங்கள் நாட்டுக்கும் போய்விட்டார்கள்.

நம்மைப் போலவே ஜெபம் சொல்கிற கீழ்த்தெருக்காரர்களும் ஹிர்வேகர் என்றுதான் எழுதிக்கொள்கிறார்கள். அதை யாரும் தடுக்க முடியாது. யாராவது கேட்டால் நான் எப்போதும் சொல்வதையே நீயும் சொல்: உறவில்லை, ஒரே ஊர், அவ்வளவுதான்.

கல்லறைத் தோட்டத்துச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தேன். இந்த வருஷம் மாம்பூ அதிகம். இழுப்பு இருக்கிறது, போகிறது.

அண்ணன்,
ஹனோக்

*

பீர்ஷேபா
27 ஏப்ரல் 1962

அன்புள்ள அண்ணாவுக்கு,

பஸ்கா பண்டிகை நல்லபடியாக முடிந்தது. உங்கள் உடம்பு தேவலையா?

கப்பல் வந்தது, செக்கு வந்தது, மாம்பூகூட வந்தது. நான் கேட்டது மட்டும் வரவில்லை. வயதாகிவிட்டது, மறந்திருப்பீர்கள் என்று உங்கள் மைத்துனரிடம் சமாதானம் சொன்னேன். அவர் நம்பினார்.

அலுவலகத்தில் இன்னொரு வழி சொன்னார்கள். அந்தக் குடும்பத்தை அறிந்த பெரியவர் ஒருவர் வந்து சாட்சி சொன்னால் போதுமாம். இந்த ஊரில் ஹிர்வேயிலிருந்து வந்த வயசாளி ஒரே ஒருத்திதான் இருக்கிறாள். கீழ்த்தெரு மில்காபாய். உங்களுக்கு நினைவிருக்கும். மலீதா நேர்ச்சை அன்று அவள் ஒரு தட்டு அவல் பிசைந்து, தேங்காயும் சர்க்கரையும் போட்டுக் கொண்டுவந்தாள். "கறுப்பு இஸ்ரேல் தொட்ட தட்டு இங்கே வைக்கக் கூடாது" என்று அதை ஜெப ஆலயப் படியிலேயே திருப்பி அனுப்பினீர்கள். அவளுக்கும் நமக்கும் நிறத்தில் என்ன வித்தியாசம் என்று எனக்கு அன்றைக்கும் தெரியவில்லை. இங்கே மார்சேலின் அம்மா எங்கள் இருவரையும் சேர்த்தே கறுப்பர் என்கிறாள்.

வெட்கத்தை விட்டுப் போனேன். காலை நீட்டி உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"வாடி மேல்தெரு! தண்ணி குடிப்பியா, இல்லே எங்க சொம்பு ஆகாதா?"

வாங்கிக் குடித்தேன். விஷயத்தைச் சொன்னேன். முறத்தைக் கீழே வைத்தாள்.

"உங்கம்மாவோட அம்மாவை எனக்குத் தெரியும். எங்கம்மா சொல்லிச் சொல்லித் தெரியும். சாட்சிதானே? நாளைக்கே வரேன். ஆனா ஒண்ணு. அவ எந்தத் தெருப் பொண்ணுன்னு உங்கண்ணன் அவன் கையால ஒரு வரி எழுதட்டும். ஒரே வரி. வேற ஒண்ணும் வேண்டாம் எனக்கு."

"நீங்களே சொல்லிடுங்களேன் மில்கா அக்கா."

"அவன் சொல்லணும்டி."

அண்ணா, அந்த ஒரு வரியை எழுதுங்கள். அவள் எந்தத் தெருவாக இருந்தாலும் எனக்குக் குறைவில்லை. என் பெண்ணுக்கு வாழ்வு வேண்டும்.

சிபோரா

*

ஹிர்வே
2 ஜூன் 1962

சிபோராவுக்கு ஆசி. இங்கு மழை இறங்கிவிட்டது. நான் சுகம்.

அந்த வீட்டுப் படியை நீ மிதித்தது தப்பு. அவர்கள் சொம்பில் குடித்தது அதைவிடத் தப்பு. மேல்தெருப் பெண் நீ. அப்பா இருந்திருந்தால் உன்னை வீட்டுக்குள் சேர்த்திருக்க மாட்டார். அந்தக் கிழவிக்குப் பழைய வன்மம், எதையாவது சொல்லி நம்மைக் கீழே இழுக்கப் பார்க்கிறாள்.

சாட்சிக்கு ஊரான் காலில் விழ வேண்டாம். செய்ய வேண்டியதை நான் செய்கிறேன். இனி இதைப் பற்றி எனக்கு எழுதாதே.

ஹனோக்

*

பீர்ஷேபா
9 ஜூலை 1962

என் பிரியமான மாமாவுக்கு,

உங்கள் யெருஷா கும்பிட்டுக்கொள்கிறேன். எனக்கு மராத்தி எழுத்து சரியாக வராது, அம்மா பக்கத்தில் இருந்து திருத்துகிறாள் என்று நினைக்காதீர்கள். அம்மாவுக்குத் தெரியாமல் எழுதுகிறேன்.

கல்யாணத்தை இரண்டு தடவை தள்ளிவைத்தாகிவிட்டது. மார்சேலின் அம்மா போன வாரம் வந்திருந்தாள். என் கண்ணெதிரே அவனிடம் கேட்டாள்: "பதிஞ்சு குடுக்க மாட்டேங்கிறாங்கன்னா ஏதோ இருக்குன்னுதானே அர்த்தம்? நாளைக்கு உன் பிள்ளையையும் இதே மாதிரி நிக்க வச்சுக் கேட்டா என்ன பண்ணுவே?" அவன் என்னைப் பார்த்தான். எழுந்து அவளோடு கிளம்பிவிட்டான். முன்பெல்லாம் ஏதாவது பேசுவான்.

மாமா, எனக்கு நம் குடும்பப் பெருமை வேண்டாம். என் அம்மாவின் அம்மாவைப் பெற்றவள் பிச்சைக்காரியாக இருந்தாலும் சரி. உங்களுக்குத் தெரிந்ததைத் தெரிந்தபடி எழுதுங்கள். சின்ன வயதில் நான் கேட்டால் நீங்கள் எதையும் இல்லை என்று சொன்னதில்லை. தென்னை ஓலையில் பாம்பு செய்து கொடுத்தீர்களே, அது இன்னும் என் பெட்டியில் இருக்கிறது.

உங்கள் மருமகள்,
யெருஷா

*

ஹிர்வே
17 ஆகஸ்ட் 1962

என் கண்ணான யெருஷாவுக்கு மாமாவின் ஆயிரம் ஆசீர்வாதம்.

உன் எழுத்து முத்து முத்தாக இருக்கிறது. நீ அழாதே. கொட்டும் மழையில் நானே பம்பாய் போய் வந்தேன். பெரியவர்கள் முன்னிலையில் தோரா வேதச் சுருளின் மேல் கைவைத்துச் சாட்சி சொல்லி, அதை உங்கள் ஊர் அலுவலகத்துக்கே அனுப்பச் செய்துவிட்டேன். என் தாயைப் பெற்றவள் தோர்லே ஊர் தோர்லேகர் வீட்டுப் பெண். அப்பழுக்கில்லாத குடும்பம். இனி உன்னை யாரும் ஒரு கேள்வி கேட்க மாட்டார்கள்.

உன் பாட்டியின் வெள்ளிக் கொலுசை ஆள் மூலம் அனுப்புகிறேன். கல்யாணத்தன்று போட்டுக்கொள். பனை ஓலையிலும் பாம்பு செய்யலாம், அது இன்னும் நாள் தாங்கும்.

மாமா

*

பீர்ஷேபா
21 அக்டோபர் 1962

அண்ணாவுக்கு,

நீங்கள் சுகமாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். நாங்கள் உயிரோடு இருக்கிறோம்.

உங்கள் சாட்சி வந்தது. இரண்டு வாரம் எங்கள் வீட்டில் சிரிப்பு இருந்தது. அலுவலகத்துக்காரர்கள் தோர்லேகர் குடும்பத்துக்கே எழுதி விசாரித்திருக்கிறார்கள். எங்கள் வீட்டிலிருந்து ஹிர்வேக்கு எந்தக் காலத்திலும் பெண் கொடுத்ததில்லை என்று அவர்கள் பதில் எழுதிவிட்டார்கள்.

ரபி கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். "தோரா மேல கைவச்சுப் பொய் சொல்ற அளவுக்கு அப்படி என்னம்மா மறைக்கிறீங்க?" என்று மெதுவாகக் கேட்டார். யெருஷாவின் காகிதத்தை மடித்து அவள் கையிலேயே கொடுத்தார்.

மார்சேல் அன்று சாயங்காலம் வந்தான். வாசலிலேயே நின்றான். "உங்க மாமா ஏன் அப்படிச் செஞ்சார்?" என்றான். சாப்பிட்டுவிட்டுப் போ என்றேன். பசியில்லை என்றான். பசியில்லை என்று அவன் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

தோர்லே என்று ஏன் எழுதினீர்கள்? எழுதாதே என்று நீங்கள் சொன்னதை மீறித்தான் கேட்கிறேன்.

சிபோரா

*

பீர்ஷேபா
29 நவம்பர் 1962

ஹனோக்,

உன்னை இனி நீங்கள் என்று எழுத என் கை வரவில்லை. உடம்பு எப்படி என்றும் கேட்கப் போவதில்லை.

உன் பதில் வராது என்று தெரிந்தபின் மில்காபாயிடம் போனேன். இந்தத் தடவை அவள் குத்தலாகப் பேசவில்லை. என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். உனக்குத் தெரிந்த கதைதான். தெரியாத பாதியும் இருக்கிறது, படி.

"லேயாடி அவ பேரு. எங்க தெரு. லேயாவைப் பெத்தவ பிள்ளையில்லாத விதவை. புருஷனோட தம்பி அவளைக் கட்டிக்கிட்டான். தோராவே அப்படித்தானே சொல்லுது, அண்ணன் பிள்ளையில்லாமச் செத்தா தம்பி கட்டணும்னு. ஆனா நம்ம ஊர்ல விதவை பூ வைக்கலாமா? மேல்தெருவுக்குப் பொறுக்கல. ஒரே வீட்டு அண்ணன் தம்பிங்க, ஒரே செக்கு. அடிச்சுத் துரத்தினாங்க. போய்க் கீழே குடிசை போட்டோம். தட்டைத் தள்ளிவச்சாங்க, கறுப்புன்னாங்க. நாலு தலைமுறை போனதும் கறுப்புங்கிறது மட்டும் நின்னுச்சு, காரணம் மறந்துபோச்சு."

"அப்ப லேயா?"

"மேல்தெருப் பையன் ஒருத்தன் பட்டாளத்துக்குப் போற வழியில அவளைத் தாலி கட்டிக் கூட்டிட்டுப் போனான். பிரசவத்துக்கு ஊருக்கு வந்தா, பெத்துட்டுச் செத்தா. குழந்தையை மேல்தெரு எடுத்துக்கிச்சு. பொணத்தைக் கீழ்த்தெருவுக்கு அனுப்பிடுச்சு. அந்தக் குழந்தைதான் உங்கம்மா. சாகறப்ப உங்கண்ணன்கிட்ட சொல்லிட்டுத்தான் செத்தா, எங்கம்மா பக்கத்துல எனக்கு ஒரு கல்லாவது வைடான்னு. அதுக்கு அடுத்த வருஷம்தான் அவன் கல்லறைத் தோட்டத்துக்கு நடுவுல சுவர் கட்டி எங்க பக்கத்தைத் தனியாப் பிரிச்சான்."

மில்காபாயைக் கையோடு அலுவலகத்துக்கு அழைத்துப் போனேன். ரபி முழுதும் கேட்டார். என்ன சொன்னார் தெரியுமா? "இதுல என்னம்மா குறை? வேதத்துல இருக்கிறபடிதானே செஞ்சிருக்காங்க? இதை முதல்லயே சொல்லியிருந்தா அன்னைக்கே முத்திரை போட்டிருப்பேனே. இப்ப உங்க குடும்பத்துச் சாட்சியை நான் எதை நம்பி எடுத்துக்கறது?"

ஒரு வரி, ஹனோக். கீழ்த்தெரு என்று ஒரே ஒரு வரி. அதற்காகக் கிழவி வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு காத்திருந்தாள். நானும் அவளை மன்னிக்க முயல்கிறேன், அவளும் பிடிவாதம் பிடித்தவள்தான். ஆனால் அவள் பொய் சொல்லவில்லை.

மார்சேலுக்கு வேறு இடத்தில் நிச்சயமாகிவிட்டது. யெருஷா போன வாரம் ஹைஃபாவுக்குப் போய்விட்டாள், ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கும் வேலை. போவதற்கு முன் அரசாங்க அலுவலகத்தில் பெயரை மாற்றிக்கொண்டாள். இப்போது அவள் யெருஷா ஷாலேவ். இங்கே எல்லோரும் வைத்துக்கொள்கிற பெயர். எந்த ஊரையும் சொல்லாத பெயர். நான் பிறந்ததும் ஹிர்வேகர், கட்டியதும் ஹிர்வேகர், என் வயிற்றில் பிறந்தது இல்லை. "அம்மா, இனிமே யாரும் என்னைப் பார்த்து எந்த ஹிர்வேகர்னு கேக்க முடியாதில்லே?" என்றாள். பெட்டியைக் கட்டும்போது கொலுசையும் அந்த ஓலைப் பாம்பையும் என் கட்டிலில் வைத்துவிட்டுப் போனாள்.

நீ கட்டிக் காத்த மேல்தெருவுக்கு இனி பேத்தி கிடையாது. திருப்தியாக இரு.

சிபோரா

*

ஹிர்வே
6 ஜனவரி 1963

சிபோராவுக்கு,

இங்கு பனி. மூச்சு விடச் சிரமமாக இருப்பதால் நீளமாக எழுதவில்லை.

இந்த மழையில் கல்லறைச் சுவரில் நாலைந்து கல் சரிந்து கிடந்தது. திரும்ப எடுத்து வைக்கவில்லை. அந்த வழியாக ஒருநாள் அந்தப் பக்கம் போனேன். லேயாவின் கல்லில் பாசி ஏறியிருந்தது. தேய்த்துக் கழுவினேன். எழுத்து தெரிகிறது.

குழந்தையின் புது முகவரி தெரிந்தால் எழுது. அனுப்ப என்னிடம் ஒன்றுமில்லை, சும்மா தெரிந்துகொள்ளத்தான்.

ஹனோக்

*

ஹிர்வே
19 பிப்ரவரி 1963

மதிப்புக்குரிய சிபோராபாய் அவர்களுக்கு,

கீழ்த்தெரு பின்ஹாஸ் எழுதுகிறேன். என்னை உங்களுக்கு நினைவிருக்காது. மில்கா அத்தைக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். உங்கள் வீட்டில் எல்லோருக்கும் தேவன் ஆறுதல் தருவாராக.

உங்கள் அண்ணன் போன செவ்வாய்க்கிழமை விடிகாலையில் காலமானார். இழுப்புதான். உங்கள் முகவரி அவர் தலையணையின் கீழ் இருந்தது.

மறைப்பது தப்பு என்று தோன்றுவதால் நடந்ததை எழுதுகிறேன். அதற்கு முந்தின வாரம் தடியை ஊன்றிக்கொண்டு எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தார். அவர் கீழ்த்தெருவுக்கு வந்து யாரும் பார்த்ததில்லை. அப்பா உள்ளே கூப்பிட்டார். வரவில்லை.

"லேயா பக்கத்துல ஒரு ஆளுக்கு இடம் இருக்கா?" என்று கேட்டார்.

"யாருக்கு?" என்றார் அப்பா.

உங்கள் அண்ணன் தடியைக் கை மாற்றிப் பிடித்துக்கொண்டார். அப்பா திரும்பக் கேட்டார், "யாருக்குன்னு சொன்னாத்தானே ஹனோக்ஜி இடம் குடுக்க முடியும்?" அவர் தலையை ஆட்டிவிட்டுத் திரும்பிப் போய்விட்டார். "எனக்கு" என்ற ஒரு வார்த்தை அவர் வாயில் வரவில்லை.

அவர் இறந்ததும் நான் அப்பாவிடம் கேட்டேன், அந்தப் பக்கமே புதைத்துவிடலாமே என்று. "அவரு கேக்கலியேடா. கேக்காத எடத்துல போட்டா நாளைக்கு மேல்தெருக்காரங்க பம்பாயிலேருந்து வந்து தோண்டுவாங்க. நம்மள நாய் மாதிரி வெரட்டின சுவரு அது. அவரு கட்டினாரு, அவரு பக்கம் அவரு கெடக்கட்டும்" என்றார். அப்பாவை எதிர்த்துப் பேச எனக்குத் துணிச்சல் வரவில்லை. நியாயம் இல்லாமலும் இல்லை.

பிரார்த்தனைக்குப் பத்து ஆண்கள் வேண்டுமே. அலிபாக்கிலிருந்து மூன்று பேர் வந்தார்கள். மற்ற ஏழு பேரும் கீழ்த்தெரு. எங்கள் கை பட்டால் ஆகாது என்றிருந்தவரை நாங்கள்தான் குளிப்பாட்டினோம். எலும்பும் தோலுமாக இருந்தார். சுவர் ஓரமாகவே குழி வெட்டினோம். அந்தப் பக்கம் லேயா, இந்தப் பக்கம் அவர். சரிந்த கற்களை அலிபாக்காரர்கள் சாந்து வைத்து எடுத்துக் கட்டிவிட்டார்கள். நல்ல எண்ணத்தோடுதான் செய்தார்கள், பாவம், அவர்களுக்கு என்ன தெரியும்.

வருகிற கப்பலில் நாங்களும் உங்கள் நாட்டுக்கு வருகிறோம். அப்புறம் ஹிர்வேயில் நம் ஜனம் யாரும் இருக்க மாட்டார்கள். வைத்தியர் வீட்டு ஹிர்வேகர்கள்தான் இருப்பார்கள்.

கல் வெட்ட ஆள் வந்தபோது என்ன பெயர் என்று கேட்டான். ஹனோக் ஹிர்வேகர் என்றேன். வெட்டி முடித்துக் கூலியை வாங்கும்போது என் பெயரைக் கேட்டான். பின்ஹாஸ் ஹிர்வேகர் என்றேன்.

"அப்ப உங்களுக்குச் சொந்தக்காரரா?"

உங்கள் அண்ணன் ஆயுசு முழுக்க எங்களைப் பற்றிச் சொன்னதுதான் என் வாயில் வந்தது.

"உறவில்லை. ஒரே ஊர், அவ்வளவுதான்."

இப்படிக்கு,
பின்ஹாஸ் ஹிர்வேகர்